மனச்சோர்வு மாத்திரையும் தசைத்துடிப்பும்: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊசியில் நூல் கோக்கும்போதுதான் முதலில் கவனித்தேன். வலது கட்டைவிரலின் அடிச்சதை தானாகத் துள்ளியது. விரல் அசையவில்லை. தோலுக்கு அடியில் மட்டும் புழு நெளிவதுபோல ஏதோ ஓடியது. மூன்று மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 10 மி.கி.யிலிருந்து 20 மி.கி.க்குக் கூட்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மறுநாள் இடது கண் இமையும் துடிக்க ஆரம்பித்தது. "பொம்பளைக்கு இடது கண் துடிச்சா நல்லதுதான், ஏதோ சேதி வருது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பயத்தில் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. தலையைத் திருப்பினால் இன்னொன்று. அதோடு குமட்டல், அழுகை, எரிச்சல். கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து ஊட்டிக்குப் போய் மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஐந்து கேள்வி கேட்டார். எப்போது தொடங்கியது, உடம்பில் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை டீ. ஒன்றுக்கும் எனக்கு ஒழுங்கான பதில் இல்லை.

மலையில் நினைத்தபோதெல்லாம் மனநல மருத்துவரிடம் போக முடியாது. ஒரு நாள் கூலி போகும், பஸ் பார்க்க வேண்டும், மழையையும் பார்க்க வேண்டும். அதனால் நம் துடிப்பை நாமே வீட்டில் சரியாகப் பார்த்து, எழுதி, கையில் எடுத்துக்கொண்டு போகக் கற்றுக்கொள்ள வேண்டும். எப்போது காத்திருக்கலாம், எப்போது ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை. ஐந்து வருடமாக இந்த மாத்திரையோடு வாழ்பவள், இதே மாத்திரை சாப்பிட்ட என் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இது அவசரமா என்று முதலில் பாருங்கள்

இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை உடம்பில் செரட்டோனின் என்ற பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. அது அளவுக்கு மீறிப் போனால் செரட்டோனின் சிண்ட்ரோம் என்ற நிலை வரும். அரிதுதான், ஆனால் வந்தால் வேகமாக வரும். புது மாத்திரை சேர்த்த பிறகோ, அளவைக் கூட்டிய பிறகோ, தெரியாமல் இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து விழுங்கிய பிறகோ, பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே, 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

அடையாளங்கள் இவை. கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், தசைகள் விறைக்கும். கைகளைவிடக் கால்களில் அதிகமாக இருக்கும். குளிர் நாளிலும் வியர்த்துக் கொட்டும். பேதி போகும். கண்ணின் கருமணி விரிந்திருக்கும். நெஞ்சு படபடக்கும், ஆள் நிலைகொள்ளாமல் தவிப்பார், பேச்சு குழறும், குழம்புவார். காய்ச்சல் ஏறும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் 108-ஐ அழையுங்கள். அடுத்த வேளை மனச்சோர்வு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம் என்று கீழே சொல்லப்போகிறேன், அதற்கு இந்த நிலை மட்டும் விலக்கு.

மலையில் நாம் பழக்கத்தில் செய்கிற ஒரு காரியம் இங்கே ஆபத்தாகிவிடும். ஆள் உதறுகிறார் என்றதும் இரண்டு கம்பளியைப் போர்த்தி, கதவைச் சாத்தி, அடுப்புக்கரியை உள்ளே கொண்டுவந்து வைப்போம். இந்தக் காய்ச்சல் தசைகள் ஓயாமல் வேலை செய்வதால் எழுகிற சூடு. கம்பளி அதை இன்னும் ஏற்றும். பாரசிட்டமால் இதில் பெரிதாக வேலை செய்யாது. போர்வையை விலக்கி, காற்று வர விட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி நெருப்பு எப்போதுமே வேண்டாம், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுவே ஆளைக் கொன்றுவிடும்.

மருத்துவமனையில் இதற்குச் செய்ய நிறைய இருக்கிறது. காரணமான மருந்தை நிறுத்தி, தசையைத் தளர்த்த மருந்து கொடுத்து, உடம்பைக் குளிரவைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் தணிந்துவிடும். கால் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வெடுக்கென்று தள்ளி மருத்துவர் சோதித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பாதம் தானாகத் தட்டித் தட்டி அடித்தால் அது இந்த நிலைக்கு முக்கியமான அடையாளம்.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், பூண்டுக்கு மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு உடம்பெல்லாம் தசை துள்ளுகிறது என்றால், அவர் சாப்பிடுகிற மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தும் இப்படித் துள்ளவைக்கும். அதிலும் வியர்வை உண்டு, பேதி உண்டு. ஆனால் கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கிப்போகும், வாயில் எச்சில் ஒழுகும், மூச்சு இரையும். போட்டிருந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். பகலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூடுபனி இறங்கினாலோ, பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டில் நின்றாலோ எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் கொடைக்கானல் வந்து, தேவைப்பட்டால் அங்கிருந்து மலை இறங்க வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று சமவெளியில் இருப்பவர் சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது. முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், கீழே அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

படி 2: எந்த மாதிரித் துடிப்பு என்று பிரித்துப் பாருங்கள்

அவசரம் இல்லை என்று தெரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். நாம் எல்லாவற்றையும் "துடிக்குது" என்கிறோம். மருத்துவருக்கு அது பல வேறு விஷயங்கள்.

எனக்கு வந்தது சின்னத் துடிப்பு. இமை, கட்டைவிரல், கெண்டைக்கால் ஆகிய இடங்களில் தோலுக்கடியில் சதை துள்ளும், மூட்டு அசையாது. வலி இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதிகமாகத் தெரியும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் தூக்கம் கெட்டால், டீ அதிகமானால், கவலை கூடினால் வரும்.

அடுத்தது வெட்டு. கையோ காலோ முழுதாகத் தூக்கிப்போடும். கையிலிருக்கும் டம்ளர் விழலாம். தூங்கப் போகும் நேரத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு வெட்டு வருவது பெரும்பாலோருக்கு உள்ளதுதான். மாத்திரை அதைக் கூட்டலாம். பகலில், விழித்திருக்கும்போது அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நினைவு தப்பினால், நாக்கைக் கடித்துக்கொண்டால் அது வலிப்பாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். வெட்டு அடங்கும்வரை கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டாதீர்கள். கொழுந்து கத்தரிக்கிற மெஷினையும் தொட வேண்டாம்.

நடுக்கம் வேறு. இரண்டு கைகளையும் நீட்டி விரல்மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். காகிதம் ஒரே சீராக ஆடினால் நடுக்கம். வெறும் வயிற்றில், டீ குடித்த பிறகு கூடும். குளிரால் வரும் உதறலோடு இதைக் குழப்பிக்கொள்வோம். வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து உடம்பு சூடான பிறகும் காகிதம் ஆடுகிறதா என்று பாருங்கள்.

காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறது, பல் கூசுகிறது என்றால் ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்கள் என்று அர்த்தம். செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளால் வரும். சொன்னால் சரிசெய்ய வழி உண்டு, ஆனால் யாரும் இதை மாத்திரையோடு சேர்த்து நினைப்பதில்லை.

படுத்ததும் கால் குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சுகம், எழுந்து நடந்தால் அடங்குகிறது என்றால் அது இன்னொன்று. மிர்டசாபின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இதைக் காணலாம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு மோசமாகும். ரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு சாதாரணம் என்பது தெரியும், அதனால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாகச் சொன்னாலும் மிக முக்கியமானது, ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு. துடிப்பு வெளியே தெரியாது, உள்ளே தாங்க முடியாத ஒரு பரபரப்பு. நின்றாலும் நடந்தாலும் அடங்காது. மாத்திரை தொடங்கிய அல்லது கூட்டிய முதல் வாரங்களில் வரும். இந்தத் தவிப்பில் சாக வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு வந்துவிடுகிறது, அதிலும் 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். இது நோய் முற்றியதாக நினைத்து வீட்டார் பூட்டிவைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ். 2022 முதல் இயங்கும் அரசு மனநல உதவி எண் இது. தமிழில் பேசலாம், காசு இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

துடிப்பு ஏன் வருகிறது

செரட்டோனின் மனசுக்கு மட்டுமான பொருள் என்று நானும் நினைத்திருந்தேன். மூளைத்தண்டிலிருந்து செரட்டோனின் நரம்புகள் முதுகுத்தண்டுக்குள் இறங்கி, தசையை இயக்கும் நரம்புச் செல்கள்வரை போகின்றன. அங்கே செரட்டோனின் கூடினால் அந்தச் செல்கள் சின்னத் தூண்டலுக்கும் சட்டென்று வேலை செய்துவிடும். வென்லாஃபாக்சின், டுலோக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்புப் பொருளையும் கூட்டுவதால் நடுக்கம் சேரலாம். உடம்பு புது அளவுக்குப் பழகப் பழக, சில வாரங்களில் பலருக்கும் இது குறைந்துவிடும். சிலருக்கு லேசாகத் தங்கிவிடும்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது, தசையை இயக்கும் நரம்புகள் அழிந்துபோகிற மோட்டார் நியூரான் நோய் என்ற பெயர்தான். நான் இரண்டு வாரம் அந்தப் பெயரோடு படுத்து எழுந்தேன். அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நோயில் துடிப்போடு பலம் குறையும். பொத்தான் போட முடியாது, செருப்பு காலிலிருந்து நழுவும், சதை வற்றும், விழுங்கும்போது புரையேறும். பலம் குறையாமல் துடிப்பு மட்டும், அதுவும் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இடம் மாறி வருவது அநேகமாக எப்போதுமே சாதாரணத் துடிப்புதான். பலம் குறைந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 3: மாத்திரையோடு வேறென்ன உள்ளே போகிறது

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். துடிப்புக்கு மாத்திரை மட்டும் காரணமாக இருப்பதைவிட, மாத்திரையும் இன்னொன்றும் சேர்ந்து காரணமாக இருப்பது நிறைய. வீட்டிலிருக்கும் மருந்துப் பெட்டியை மேசையில் கொட்டுங்கள்.

முதலில் டீ. நம் ஊரில் யாரும் டீயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் பாட்டி வீட்டில் தேத்தண்ணி என்பார்கள், அது தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஒரு கிளாஸ் டீயில் சுமார் 30 முதல் 50 மி.கி. கஃபீன் இருக்கும். தூள் டீயைக் கொதிக்கவிட்டுக் குடிப்பவர்கள் கூடுதல் பக்கமே இருப்பார்கள். குளிர்காலத்தில் எண்ணிப் பார்த்தேன், கடையில் வர்க்கியோடு குடிப்பதையும் சேர்த்து நாளுக்கு ஒன்பது கிளாஸ். மூன்றாகக் குறைத்தபோது இமைத் துடிப்பு பத்து நாளில் நின்றுவிட்டது. ஒரே நாளில் விட்டால் தலைவலி வரும், இரண்டு நாளைக்கு ஒரு கிளாஸ் வீதம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஃப்ளூவோக்சமைன் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்து கஃபீனை உடம்பு வெளியேற்றுவதைத் தடுக்கும், காலையில் குடித்த டீ ராத்திரியும் உடம்பில் இருக்கும்.

இருமல் மருந்து அடுத்தது. பனிக்காலத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும். வறட்டு இருமல் சிரப்புகள் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இருக்கிறது. அதுவும் செரட்டோனினைக் கூட்டும். ஃப்ளூவாக்செட்டினும் பராக்செட்டினும் அதை உடைக்கும் நொதியையும் தடுப்பதால் இரட்டை வேலையாகிவிடும். கடையில் "மனச்சோர்வு மாத்திரை சாப்பிடறேன், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இல்லாத சிரப் கொடுங்க" என்று வாய் திறந்து கேளுங்கள்.

முதுகுவலி மாத்திரை. கூடை சுமந்து, சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுப்பவர்களுக்கு இடுப்பு வலி இல்லாத நாள் இல்லை. சாதாரண வலி மாத்திரை கேட்காதபோது டிரமடால் கைமாறும். பக்கத்து லயன் வீட்டில் இருப்பவர் "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று இரண்டு மாத்திரை தருவார். டிரமடால் செரட்டோனினையும் கூட்டும், வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். மனச்சோர்வு மாத்திரையோடு அதைக் கேட்காமல் சாப்பிடவே கூடாது.

மலைப்பாதையில் வாந்திக்குப் போடும் மாத்திரையையும் பாருங்கள். அதில் மெட்டோகுளோப்பிரமைடு இருந்தால் அது தனியாகவே கழுத்தை ஒருபக்கம் இழுக்கவைக்கும், கண்ணை மேலே செருகவைக்கும், உட்கார முடியாத தவிப்பையும் கொடுக்கும். இளம் வயதினரிடம் இது அதிகம். டாம்பெரிடோனை எஸ்சிட்டலோபிராமோடு சேர்த்தால் இதயத்தின் தாளம் குழம்பலாம். எனக்கு ஜன்னல் ஓரச் சீட்டும் காலி வயிற்றில் பயணம் செய்யாமல் இருப்பதுமே போதுமாக இருக்கிறது.

மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் கை நடுக்கம் தரும். தைராய்டு மாத்திரை அளவு கூடினால் நடுக்கம் வரும். மனநிலையைச் சீராக்கக் கொடுக்கும் லித்தியம், வால்ப்ரோயேட் இரண்டும் நடுக்கம் தரும், லித்தியம் செரட்டோனின் கணக்கிலும் சேரும். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டானையும் சொல்ல வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட் மிக முக்கியம். அதை எழுதும் மருத்துவருக்கு நீங்கள் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவது தெரியாமல் இருக்கக் கூடாது. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் கை நடுங்கும், அதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

1984இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி காய்ச்சலும் உடம்பு வெட்டலுமாக மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் ஃபெனல்சின் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே பெத்திடின் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோனார். இரண்டு மருந்தும் மோதியதால் வந்த செரட்டோனின் சிண்ட்ரோம்தான் காரணம் என்று கருதப்படுகிறது. பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு அமெரிக்காவில் வரம்பு வந்தது அந்த மரணத்துக்குப் பிறகுதான். அவ்வளவு பெரிய நகரத்தில், மருத்துவமனைக்குள்ளேயே அப்படி நடந்திருக்கிறது. நம் மாத்திரைப் பட்டியல் நம் பையில் இருக்க வேண்டும்.

படி 4: 60 வயதைத் தாண்டியவரா? சோடியத்தைப் பாருங்கள்

என் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதிலேயே குளோர்தாலிடோன் என்ற நீர்பிரிப்பு மருந்தும் சேர்ந்திருந்தது. அப்பா போன பிறகு அம்மா சாப்பிடாமல், பேசாமல் முடங்கியபோது எஸ்சிட்டலோபிராம் தொடங்கினார்கள். மூன்றாம் வாரம் கை கால் சதை துள்ளுகிறது என்றார். "எனக்கும் அப்படித்தாம்மா, போயிடும்" என்று சொன்னேன். அடுத்த நாள் தலைவலி, வாந்தி. அதற்கடுத்த நாள் வாசற்படியில் தடுமாறி விழுந்தார். என்னைப் பார்த்து, இறந்துபோன என் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தத்தில் சோடியம் 118 இருந்தது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு அது.

இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு உடம்பில் தண்ணீரைத் தேக்கி, ரத்தத்தில் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். வயதானவர்கள், பெண்கள், மெலிந்த உடம்புக்காரர்கள், நீர்பிரிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மனச்சோர்வு மாத்திரை தொடங்கும் முன்பும், தொடங்கி இரண்டு வாரம் கழித்தும் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். அதை மெதுவாக, அளந்துதான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏறினால் மூளைக்குப் பாதிப்பு. அம்மா ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். நான் அன்றைக்கு "போயிடும்" என்று சொன்னதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

படி 5: இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. மாத்திரை சாப்பிட்ட நேரம், துடித்த இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை டீ, வேறு என்ன மருந்து, தோட்டத்தில் மருந்தடித்தீர்களா. மனசு எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் எழுதுங்கள். துடிப்பு வருகிறது, ஆனால் அழுகை நின்றிருக்கிறது என்றால் அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும் அல்லவா?

துடிக்கும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் துடிப்பு ஒளிந்துகொள்ளும், எனக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பகல் வெளிச்சத்தில், அந்த இடம் மட்டும் தெரியும்படி, அரை நிமிடம் போதும்.

படி 6: மருத்துவரிடம் என்ன பேசுவது

நோட்டு, வீடியோ, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும். இந்த மூன்றோடு போங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், தனியார் மருத்துவரிடம் போனாலும், நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். "மாத்திரையைக் கூட்டி ஒன்பதாம் நாள் துடிப்பு ஆரம்பிச்சுது, பலம் குறையலை, காய்ச்சல் இல்லை" என்றால் பாதி வேலை முடிந்தது.

அவர் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், தைராய்டு, பி12 என்று பார்க்கச் சொல்லலாம். எல்லாம் சரி என்றால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். அல்லது அளவைக் குறைப்பார், ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றுவார், வேறு மருந்துக்கு மாற்றுவார். நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் கொடுப்பதுண்டு. ஆஸ்துமா இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது ஆகாது. மக்னீசியம் மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகச் சாப்பிட வேண்டாம். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்து.

துடிப்பைத் தாங்க முடிகிறதா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தையல்காரிக்குக் கட்டைவிரல் துடித்தால் பிழைப்பே கெடும். வேறொருவருக்கு அது ஒன்றுமே இல்லை. என் வேலை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் என் மருத்துவர் 20 மி.கி.யை 15 மி.கி. ஆக்கினார்.

படி 7: குறைப்பதும் நிறுத்துவதும், மழைக்காலக் கையிருப்பும்

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஆரம்பத்திலேயே சொன்னேன். தலைச்சுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டு, சில நேரம் துடிப்பும்கூட. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளில் தொடங்கும். எந்த மருந்து உடம்பை விட்டு வேகமாகப் போகிறதோ அதில் இது கடுமையாக இருக்கும். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும், பராக்செட்டின் ஏறக்குறைய ஒரு நாளில், எஸ்சிட்டலோபிராம் ஒரு நாளுக்குச் சற்று மேல். ஃப்ளூவாக்செட்டின் பல நாள் தங்கும், அதனால் அதை நிறுத்துவது எளிது. ஆனால் அதை நிறுத்திய பிறகும் ஐந்து வாரம்வரை மற்ற சில மருந்துகளோடு மோதும். குறைப்பதை வாரக் கணக்கில், சில நேரம் மாதக் கணக்கில், மருத்துவர் சொல்லும் படிகளில்தான் செய்ய வேண்டும். வென்லாஃபாக்சின், டுலோக்செட்டின் கேப்சூலை உடைத்துப் பொடியாக்கிச் சாப்பிடக் கூடாது.

நாமாக நிறுத்தாமலே மாத்திரை நின்றுபோவதும் மலையில் நடக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், ரோடுகள் துண்டிக்கப்பட்டன. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மரம் சாய்ந்தாலே பஸ் நிற்கும், கடைக்குச் சரக்கு வராது. புரட்டாசி முடியும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஈரம் படாமல் மூடியுள்ள டப்பாவில், அடுப்படியை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

அளவை மாற்றிய பிறகு நோட்டை மூடிவிடாமல் இன்னும் நான்கு வாரம் எழுதுங்கள். என் நோட்டில் 15 மி.கி.க்கு வந்த பதினெட்டாம் நாள் "கட்டைவிரல் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். கெண்டைக்கால் இன்றைக்கும் எப்போதாவது ராத்திரி துள்ளும். அம்மா இப்போது வேறு மாத்திரையில் இருக்கிறார், ரத்த அழுத்த மாத்திரையையும் மாற்றிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்கிறோம், போன தடவை 138.